நைல் தண்ணீர் குடித்தவர்கள்

கேள்வி: நைல் தண்ணீரைக் குடித்தால் நோய் வரும் என்று மேடையில் சொன்ன எகிப்தியப் பாடகி ஷெரீனுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்களாமே? தாய்நாட்டு நதியைப் பழித்தவருக்கு அது வேண்டியதுதானே?
- வாசகர், தென்காசி

பதில்: வேண்டியதே இல்லை.

நைல் தண்ணீரைக் குடித்தவர் எங்கே போனாலும் திரும்பி வருவார் என்பது எகிப்தியர் வழக்கு. அதை வைத்து ஷெரீன் அப்துல் வஹாப் பாடிய தேசப் பாட்டு அங்கே வெகு பிரபலம். வெளிநாட்டுக் கச்சேரி ஒன்றில் ரசிகர் அதைப் பாடச் சொன்னபோது, 'குடித்தால் பில்ஹார்சியா வரும்' என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். 2017இல் அந்த வீடியோ பரவியது. மன்னிப்புக் கேட்டார், பயனில்லை. 2018 பிப்ரவரியில் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மே மாதம் மேல்முறையீட்டில்தான் விடுதலை.

சரி, பில்ஹார்சியா அவர் கட்டிய கதையா? வாய்க்கால் நத்தைகளில் வளரும் புழுவால் வரும் நோய் அது. அந்தப் புழு, தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், ஈரலையும் சிறுநீர்ப்பையையும் கெடுக்கும். குடிப்பதைவிட இறங்கிக் குளிப்பதில்தான் ஆபத்து. ஷெரீன் சொன்னதில் பிழை என்றால் அவ்வளவுதான். எகிப்திய விவசாயிகளைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோய் இது.

எகிப்தியப் பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸைக் கொன்றதும் இதே நோய்தான். எகிப்திய அதிபர் நாசர் காலத்துப் பெருமிதத்துக்கு அவரைவிடப் பெரிய குரல் கிடையாது. நைலின் குறுக்கே கட்டிய அஸ்வான் அணையின் கதையை 1960இல் பாடியவர் அவர். கிராமத்து வாய்க்காலில் சிறுவயதில் தொற்றிய பில்ஹார்சியா அவருடைய ஈரலை அரித்து, 1977இல் லண்டன் மருத்துவமனையில் 47 வயதில் உயிரைப் பறித்தது. நைலைக் கொண்டாடியவரையே நைலின் வாய்க்கால் கொன்றது எகிப்தில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம், அந்த நோயின் பெயரைச் சொன்ன பெண் மட்டும் எப்படித் துரோகி ஆவார்?

1967இல் இஸ்ரேலிடம் போரில் தோற்ற பிறகு, 'பகல் போய்விட்டது' என்று இதே ஹலீம் பாடினார். நாட்டின் துக்கத்தைச் சொன்ன அந்தப் பாட்டை எகிப்தியர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். நாட்டைப் பாடுவது என்றால் வாழ்த்துவது மட்டும்தான் என்று அன்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எகிப்தியப் பாடகர் முகமது முனீரையும் கேட்டுப் பாருங்கள். அஸ்வான் அணைக்காக வீடு வாசலை விட்டு வெளியேறிய சுமார் 50,000 எகிப்திய நூபியர்களின், அதாவது தெற்கு எகிப்தின் நைல் கரைப் பூர்வகுடிகளின், இனத்தவர். 2011 புரட்சி நாட்களில் ஒலித்த அவர் பாட்டு, நாட்டைக் காதலியாக்கி, 'நான் இவ்வளவு நேசிக்க, எனக்கு இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனம் வருகிறது?' என்று கேட்கிறது. உரிமை உள்ளவன்தானே இப்படிக் கோபிப்பான்? ஷெரீனுக்கும் அந்த உரிமை உண்டு.

2019இல் அவர் பஹ்ரைன் மேடையில், இங்கே மனம்விட்டுப் பேசலாம், எகிப்தில் பேசினால் சிறை என்றார். எகிப்திய இசைக் கலைஞர் சங்கம் உடனே அவரைப் பாடவிடாமல் தடுத்தது.