இடம் மாறிக் கிளம்பும் இடது கரோனரி: பெற்றோர் கேள்விகள்

மூன்று மாதக் குழந்தை. பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டி வீறிட்டு அழுகிறாள். வயிற்றுவலி என்று சொட்டு மருந்து கொடுத்தோம். இப்போது எக்கோவில் இதயம் பெருத்திருக்கிறது, கார்டியோமயோபதி (இதயத் தசை நோய்) என்கிறார்கள். டாக்டரிடம் என்ன கேட்பது?

"இடது கரோனரி மகாதமனியிலிருந்துதான் கிளம்புகிறதா?" என்று கேளுங்கள். கரோனரி என்பது இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் குழாய். நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பினால் அது அல்காபா. கைக்குழந்தைக்கு இதயம் பெருத்திருந்தால், இதற்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை கார்டியோமயோபதி என்று முடிவுகட்டக் கூடாது. கார்டியோமயோபதிக்கு மருந்துதான், அல்காபாவுக்கு ஆபரேஷன், அதுவும் உடனே. இ.சி.ஜி.யில் முதல் லீடிலும் ஏ.வி.எல்.லிலும் ஆழமான க்யூ அலை இருந்தால் சந்தேகம் வலுக்கும். எக்கோவில் வலது கரோனரி விரிந்து பெருத்திருக்கும். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசைகள் வெளுத்துத் தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்).

பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தாள்?

இருப்பாள். பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் இடது கரோனரிக்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியதும் ஓட்டம் திரும்பிவிடும். வலது கரோனரியிலிருந்து கிளைவழியாக வரும் நல்ல ரத்தமும் தசைக்குச் சேராமல் நுரையீரல் தமனிக்குள் வடியும். மூச்சிரைக்கிறதே என்று ஆக்சிஜனைத் தாராளமாக வைத்தால் நுரையீரல் குழாய்கள் விரிந்து இந்த வடிகால் கூடும். அளவை இதய டாக்டரே சொல்லட்டும்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

ஹார்ட்-லங் மெஷினில் போட்டதுமே நுரையீரல் தமனியின் இரு கிளைகளையும் இறுக்கிப் பிடிப்பார்கள். விட்டால் கரோனரி ரத்தம் அந்தப் பக்கம் ஓடி, ஏற்கெனவே நொந்த தசை இன்னும் பட்டினி கிடக்கும். இதயத்தை நிறுத்தும் கார்டியோப்ளீஜியா திரவத்தையும் இதே காரணத்தால் மகாதமனி, நுரையீரல் தமனி இரண்டின் வேரிலும் செலுத்துவது உண்டு. பிறகு கரோனரியின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு சேர்த்து, சட்டைப் பொத்தான் போல் வெட்டி எடுத்து, மகாதமனியில் துளையிட்டு மிக மெல்லிய நூலால் தைப்பார்கள். நுரையீரல் தமனியில் வெட்டிய இடத்தைப் பெரிகார்டியம் (இதயத்தைச் சுற்றியுள்ள உறை) ஒட்டுப்போட்டு அடைப்பார்கள்.

கைத்திறன் தெரிவது இங்கேதான். குழாய் இழுபட்டாலோ முறுக்கினாலோ, தையல் முடிந்தும் ரத்தம் போகாது. எட்டவில்லை என்றால் நுரையீரல் தமனிக்குள்ளேயே சுரங்கம் அமைக்கும் டகேயுச்சி முறை உண்டு. பின்னாளில் அந்தச் சுரங்கம் ஒழுகலாம், அல்லது நுரையீரல் தமனியையே குறுக்கலாம். இடது கரோனரியை வெறுமனே கட்டிவிடும் பழைய முறையை இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

மைட்ரல் வால்வு ஒழுகுகிறது. அதையும் சேர்த்துச் சரிசெய்யவில்லையே?

பெரும்பாலும் தொடமாட்டார்கள். ரத்தம் கிடைத்ததும் தசை தேறும். மாதங்கள் போகப் போக ஒழுக்கும் குறையும். முதல் சில நாள் எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் கருவி) தேவைப்பட்டால் பயப்படாதீர்கள். சோர்ந்த இதயத்துக்கு அது ஓய்வு.

வீட்டுக்கு வந்தபின்?

ஆபரேஷனில் வெட்டிய மார்பெலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைவைத்துத் தூக்காதீர்கள். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை கழுத்துக்குப் பின்னால். ரத்தம் ஏற்றியிருப்பதால் எம்.எம்.ஆர்., சின்னம்மைத் தடுப்பூசிகளைச் சுமார் 6-7 மாதம் தள்ளிப்போட வேண்டிவரும். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை. ஆஸ்பிரின் எழுதியிருந்தால், ஃப்ளூவோ அம்மையோ கண்டவுடன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உள்ளே போனால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய்ஸ் சிண்ட்ரோம் வரும் அபாயம் உண்டு.