கோடைப் பயிற்சியும் உத்திரமேரூர்ச் சுவரும்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். கோடை விடுமுறையில் வரலாறு, பண்பாடு சார்ந்த பயிற்சி ஒன்று பெற விரும்புகிறேன். இணையவழிப் படிப்பில் சேரலாமா, பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையத்தின் முகாமுக்குச் செல்லலாமா? பணிப்பதிவேட்டுக்குச் சான்றிதழும் தேவைப்படுகிறது.

க.

அன்புள்ள க.,

சான்றிதழைப் பற்றி உங்கள் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை சொன்னதிலிருந்து, காணொளியை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் தாளித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். நீங்கள் சொல்லும் டெல்லி மையம் 1979 முதல் இயங்குகிறது. கல்வித்துறை உங்கள் பெயரை அனுப்பினால் மறுக்காமல் போய்வாருங்கள்.

ஆனால் உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்துச் சபையாரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர், அது பொறிக்கப்பட்ட சுவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால் அது சோம்பல்தான், வேறு பெயர் வைக்காதீர்கள். திட்டுவதற்கு எனக்குத் தகுதி உண்டு. நானே பதினோரு ஆண்டுகள் பார்க்காமல் நடத்தியவன்.

ஒரு மே மாதத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துச் சென்றார். டார்ச்சை நேராகப் பிடித்தபோது வெறும் கல்லாக இருந்தது, அவர் அதைப் பக்கவாட்டில் சாய்த்ததும் எழுத்தாக எழுந்துவந்தது. மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஒரு வரியைக் கூட்டிப் படிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த உறுப்பினர் வயது வரம்பை, இரண்டே ஆண்டுகளில், அதாவது கி.பி. 921 வாக்கில், 35 முதல் 70 வரை என்று மாற்றியிருக்கிறார்கள் என்பதை அவர் காட்டியபோது, ஏதோ தகராறு நடந்து விதியைத் திருத்திய ஒரு சபையின் குரல் காதில் விழுவதுபோல இருந்தது. கணக்குக் காட்டாத வாரியத்தாரையும், அதாவது சபையின் குழு உறுப்பினர்களையும், அவர்களுடைய உறவினரையும் விலக்கியிருந்தது கண்டு இருவரும் சிரித்தோம். கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவன் பெயரைத்தான் ஓலையில் எழுதலாம் என்ற இடம் வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஆண்டுதான் ஒரு மாணவி, தன் பாட்டியின் பாட்டி பெயரையும் குடத்தில் போட்டிருப்பார்களா என்று என்னிடம் கேட்டிருந்தாள். ஊரார் எல்லார் பெயரையும் போட்டார்கள் என்று, புத்தகத்திலிருந்து தலையெடுக்காமலே சொல்லியிருந்தேன். அது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேய ஊரின் சபை என்பதும், நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதும் நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் பத்தாம் வகுப்பு முடித்துப் போயிருந்தாள்.

காஞ்சிபுரத்திலிருந்து பேருந்து உண்டு. வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள், தம்பி. டார்ச்சை மறந்துவிடாதீர்கள், எழுத்தின்மேல் கை வைக்காதீர்கள்.