செஸ்: பெண்கள் பிரிவு எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திவ்யா தேஷ்முக் 2025-இல் மகளிர் உலகக் கோப்பையை வென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை எங்கள் வாட்ஸாப் குழுவில் பகிர்ந்தேன். பெரிய சண்டையாகிவிட்டது. செஸ்ஸுக்கு உடல்வலு தேவையில்லை, பிறகு பெண்களுக்குத் தனிப் போட்டி, தனிப் பட்டம் எதற்கு, அவர்களால் முடியாது என்று ஒப்புக்கொள்வதுதானே அது என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தனிப் பட்டங்களை ஒழித்துவிட்டால் என்ன என்றே தோன்றுகிறது.

அடுத்தது சொந்த விஷயம். என் அக்கா மகளுக்கு 11 வயது, ரேட்டிங் (ஆட்டத் தரப் புள்ளி) 1540. சிறுமியர் பிரிவில் ஆடினால் கோப்பையோடு வருகிறாள், எல்லோரும் ஆடும் ஓப்பனில் ஆடினால் அழுதுகொண்டு வருகிறாள். போன மாதம் ஓர் ஓப்பனில் எதிரே ஆடிய பெரியவர், "சின்னப் பொண்ணையெல்லாம் நமக்குப் போடுறாங்க" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தாராம். ஆட்டத்தின் நடுவே நான்கைந்து முறை டிரா கேட்டாராம். இனி ஓப்பனே வேண்டாம் என்கிறார் அக்கா. எது சரி?

க., சேலம்

அன்புள்ள க.,

முதலில் ஒரு திருத்தம். சர்வதேசச் செஸ்ஸில் இன்று 'ஆண்கள் பிரிவு' என்று ஒன்று கிடையாது. ஓப்பன், மகளிர் என்ற இரண்டுதான். ஓப்பனில் யாரும் ஆடலாம். அந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1976-இல் 13 வயது ரோகிணி காடில்கர் இந்திய ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆட வந்தபோது எழுந்த எதிர்ப்பு உயர்நீதிமன்றம் வரை போனது. தேசிய, சர்வதேசச் சாம்பியன்ஷிப்களில் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அன்றைய தலைவர் மாக்ஸ் யூவே முடிவு சொன்னார். அதைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 1929-இல் கார்ல்ஸ்பாட் தொடரில் முதல் மகளிர் உலக சாம்பியன் வேரா மென்சிக்கைச் சேர்த்தபோது, அவரிடம் தோற்பவர்களை வைத்து 'மென்சிக் கிளப்' தொடங்கலாம் என்று கேலி பேசினார் சக ஆட்டக்காரர் ஆல்பர்ட் பெக்கர். அதே தொடரில் தோற்று முதல் உறுப்பினரும் ஆனார். பின்னாளில் உலக சாம்பியனான யூவேயும் மென்சிக்கிடம் இருமுறை தோற்று அந்தக் கிளப்பில் சேர்ந்தவர்தான்.

'பெண் மூளைக்கு வராது' என்ற பேச்சு புதிதல்ல. எந்தப் பெண்ணுக்கும் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து ஜெயிப்பேன் என்று 1962-இல் பாபி ஃபிஷர் சொன்னார். மிக இளம் கிராண்ட்மாஸ்டர் என்ற அவருடைய சாதனையை 1991-இல் முறியடித்தவர் ஹங்கேரியின் 15 வயதுப் பெண் ஜூடித் போல்கார். ஆண், பெண் மூளை அமைப்பே வேறு என்று 2015-இல் எழுதிய இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட்டிடம் போல்கார் தோற்றது மூன்று முறை, வென்றது எட்டு முறை. ஆனால் ஒரு போல்காரைக் காட்டி வாதத்தை முடித்துவிட முடியாது. 'அவர் விதிவிலக்கு' என்பார் உங்கள் நண்பர். அவருக்கு ஒரு கணக்கைக் கொடுங்கள்.

ஒரு மாவட்டத்தில் 1000 பையன்களும் 100 பெண்களும் ஆடுகிறார்கள். இரு சாராருக்கும் சராசரி 1500, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 200. திறமையில் துளியும் வித்தியாசம் இல்லை. இப்போது இரு பக்கமும் முதலிடத்தில் இருப்பவரை மட்டும் பாருங்கள். பையன்களில் முதல்வர் 2150-ஐ ஒட்டி இருப்பார், பெண்களில் முதல்வர் 2000-ஐ ஒட்டி. தலை எண்ணிக்கை மட்டுமே 150 புள்ளி இடைவெளியை உண்டாக்கிவிடுகிறது. ஜெர்மானிய ஆட்டக்காரர்களின் பட்டியலை வைத்து 2009-இல் வந்த ஆய்வு, முதல் நூறு ஆண்களுக்கும் முதல் நூறு பெண்களுக்கும் உள்ள இடைவெளியில் 96 சதவீதத்தை எண்ணிக்கை வித்தியாசமே விளக்கிவிடுவதாகச் சொன்னது. அந்த 96-ஐ மறுத்தவர்களும் உண்டு. எல்லாமே எண்ணிக்கைதான் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உச்சியில் இருப்பவரைக் காட்டி எல்லாப் பெண்களின் மூளையையும் அளப்பது தப்பு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பட்டத்துக்கு வருவோம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும், 2600 தரத்தில் ஆடிய நார்ம்களும் (ஒரு போட்டியில் அந்தத் தரத்தைக் காட்டியதற்குக் கிடைக்கும் தகுதி) வேண்டும். மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கு 2300-உம், 2400 தர நார்ம்களும் போதும். அது சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கும் கீழே. 200 புள்ளித் தள்ளுபடி என்று சிலர் கூசுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒழிக்கச் சொல்ல மாட்டேன். 2300-இல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டத்தால் அழைப்பும், நுழைவுக்கட்டணச் சலுகையும், பயிற்சி வகுப்பு எடுத்துச் சம்பாதிக்கும் வழியும் கிடைக்கின்றன. சிக்கல் பட்டத்தில் இல்லை. அதற்காக ஆடும் போட்டிகளிலேயே தங்கிவிடுவதில்தான் இருக்கிறது.

ஒன்பது ரவுண்டுப் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் நார்ம் வேண்டுமென்றால் எதிராளிகளின் சராசரி குறைந்தது 2380 இருக்க வேண்டும், அவர்களில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும். சராசரி சரியாக 2380 என்றால் 7 புள்ளி, 2434 என்றால் ஆறரை, 2475 என்றால் 6 எடுக்க வேண்டும். எதிராளிகளின் சராசரி 2300-ஐ ஒட்டி நிற்கும் மகளிர் போட்டியில் 9-க்கு 8 எடுத்தாலும் நார்ம் வராது. வைஷாலிக்கு மூன்றாவது நார்ம் கத்தார் மாஸ்டர்ஸில் கிடைத்தது, 2500-ஐ அவர் தாண்டியது ஸ்பெயினின் எல் யொப்ரேகாட் போட்டியில். இரண்டுமே ஓப்பன், இரண்டுமே 2023-இல். திவ்யா கதை வேறு. உலகக் கோப்பையை வென்றால் நேரடியாகப் பட்டம் என்ற விதியில் அவர் இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த 88 பேரில் பெண்கள் நான்கு பேர்தான்: ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா.

தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் ரேட்டிங் எப்படி ஆகும் என்பதை ஃபிடேயே ஒருமுறை ஒப்புக்கொண்டது. பெண்களின் ரேட்டிங் குறைவாகத் தேங்கிவிட்டது என்று 1986-இல் எல்லாப் பெண் ஆட்டக்காரர்களுக்கும் 100 புள்ளி கூட்டிக் கொடுத்தார்கள், ஜூடித்தின் அக்கா சூசன் போல்காருக்கு மட்டும் கிடையாது. அவர் ஆண்களோடு ஆடி எடுத்த ரேட்டிங், அதனால் அது ஏற்கெனவே சரியாக இருக்கிறதாம். ஓப்பனில் ஆடியதற்குப் பரிசாக, பெண்கள் பட்டியலின் முதலிடம் அவர் கையைவிட்டுப் போனது.

ஓப்பனுக்குப் போனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2017 ஜிப்ரால்டர் ஓப்பனில் சீன வீராங்கனை ஹோ யிஃபானுக்குப் பத்து ரவுண்டில் ஏழு முறை பெண்களே எதிராளிகளாக வந்தார்கள். கடைசி ரவுண்டில் இந்தியாவின் லலித் பாபுவுக்கு எதிராக வேண்டுமென்றே அசட்டு நகர்வுகளை ஆடி, ஐந்தாவது நகர்விலேயே ரிசைன் செய்து தன் எதிர்ப்பைக் காட்டினார். கணினிதான் ஜோடி சேர்த்தது என்றார்கள் நடத்தியவர்கள். அவர் செய்த விதம் எனக்கு உவப்பில்லை, கோபம் நியாயமானது.

காசையும் மறைக்க வேண்டாம். 2023-இல் ஓப்பன் உலக சாம்பியன்ஷிப்பின் பரிசுத்தொகை 20 லட்சம் யூரோ, மகளிருக்கு 5 லட்சம். நார்வே செஸ் 2024 முதல் இரண்டுக்கும் ஒரே தொகை கொடுக்கிறது. உச்சியில் சிலருக்கு இது போதும். நடுவில் இருக்கும் 16 வயதுப் பெண்ணின் கணக்கு வேறு. அதே வயதுப் பையன் நான்கு நண்பர்களோடு ஓர் அறையில் தங்கி ஆடிவிட்டு வருவான். பெண்ணோடு அப்பாவோ அம்மாவோ போக வேண்டும், இரண்டு டிக்கெட், தனி அறை, பெற்றோருக்கு ஒரு வாரம் லீவு. பத்தாம் வகுப்போடு பல வீடுகளில் ஆட்டம் நின்றுபோவதற்கு மூளையைத் தேட வேண்டியதில்லை, இந்தச் செலவுச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

உங்கள் அக்கா மகள். 1540, வயது 11 என்றால் அவளுக்கு கே-எண் (ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) 40. சிறுமியர் போட்டியில் எதிராளிகளின் சராசரி 1440 என்று வையுங்கள். 100 புள்ளி மேலே இருப்பதால் ஆட்டத்துக்கு 0.64 புள்ளி எதிர்பார்ப்பு, ஒன்பது ஆட்டத்துக்கு 5.76. அவள் 6 எடுத்தால் 0.24-ஐ 40-ஆல் பெருக்கி 9.6 புள்ளி ஏறும். கோப்பையும் வரலாம். ஓப்பனில் சராசரி 1740 என்றால் ஆட்டத்துக்கு 0.24, மொத்தம் 2.16. அங்கே மூன்றே ஆட்டம் ஜெயித்து ஆறில் தோற்றாலும் 33.6 ஏறும். அழுதுகொண்டு வந்த போட்டிதான் அவளை மூன்றரை மடங்கு உயர்த்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இந்தக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள்.

ஆனால் கே-எண் 40 இருபக்கமும் வெட்டும். அதே ஓப்பனில் ஒரு புள்ளிதான் எடுத்தால் 46 இறங்கும். தவிர, நம்மூர் ஓப்பன்களில் 1500 ரேட்டிங்கோடு வரும் சிறுவர்கள் பலர் அதைவிட நன்றாகவே ஆடுவார்கள், அவர்களிடம் தோற்பது ரேட்டிங்குக்குக் கேடு. எனவே மூன்று போட்டிக்கு இரண்டு ஓப்பன், ஒன்று சிறுமியர் பிரிவு என்று வையுங்கள். மாநில, தேசிய அணித் தேர்வுக்கான சிறுமியர் போட்டியைத் தவறவிடாதீர்கள். 'சிறந்த பெண்' பரிசு உள்ள ஓப்பனுக்குப் பணம் கட்டும் முன் அறிவிப்பில் ஒரு வரியைத் தேடுங்கள்: ஒருவருக்கு ஒரு பரிசுதான் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அந்தப் பெரியவர் விஷயத்துக்குச் செஸ் விதிகளிலேயே வழி இருக்கிறது. எதிராளியை எந்த விதத்திலும் திசைதிருப்பவோ தொந்தரவு செய்யவோ கூடாது என்கிறது ஃபிடே விதி 11.5. நியாயமில்லாமல் டிரா கேட்பதையும் அந்த விதி பெயர் சொல்லியே தடுக்கிறது. டிரா கேட்பவர் காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்தும் முன் கேட்க வேண்டும். கேட்டதும் இருவரும் ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் (=) என்று குறிக்க வேண்டும். நிறைய குழந்தைகள் இதைச் செய்வதே இல்லை. உங்கள் பெண்ணுக்கு இதைப் பழக்குங்கள். மூன்றாவது (=) விழுந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, கை தூக்கி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டு ஷீட்டைக் காட்ட வேண்டும். ஆர்பிட்டர் உதவிக்காகக் கடிகாரத்தை நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது, நேரம் போகாது. ஆர்பிட்டர் வரும்வரை எதிராளியிடம் பதில் பேசக் கூடாது. பேசினால் இருவருக்கும் எச்சரிக்கை விழலாம். கேலி ஆட்டத்துக்கு வெளியே நடந்தால், அன்றே தலைமை ஆர்பிட்டரிடம் எழுத்தில் கொடுங்கள். எல்லை மீறிய தொடுதல், பயிற்சியாளரின் தகாத குறுஞ்செய்தி என்றால் அது ஆர்பிட்டர் வேலை அல்ல, போக்சோ சட்டம். 1098-ஐ அழையுங்கள்.

அந்தச் சிரிப்பு ஆட்டத்தைப் பாதிக்குமா? 2008-இல் இணையத்தில் 42 ஜோடிகளை ஆடவிட்ட ஆய்வில், எதிரே ஆண் என்று நம்பவைத்தபோது பெண்களின் ஆட்டம் சரிந்தது. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு உண்மையான போட்டி முடிவுகளை எடுத்துப் பார்த்தது. அதில் ஆண்களுக்கு எதிராகப் பெண்கள் எதிர்பார்ப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே புள்ளி எடுத்திருந்தார்கள். நான் இரண்டாவதை அதிகம் நம்புவேன், அது போட்டி மேசையில் நடந்தது. 2024-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டியில் ஆடிவிட்டு, பார்வையாளர்கள் தன் ஆட்டத்தை விட்டு உடை, தலைமுடி, உச்சரிப்பைப் பற்றியே பேசுகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதியவர் 18 வயது திவ்யா. அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியிலும் இருந்தார்.

அக்காவிடம் சொல்லுங்கள், அடுத்த ஓப்பனுக்குப் பணம் கட்டலாம். போகும் முன் அந்தப் பெரியவரோடு ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் இருந்தால் அனுப்புங்கள். அத்தனை முறை டிரா கேட்டிருக்கிறார் என்றால் அவருடைய நிலை மோசமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.