தையல் மெஷின் இல்லாமல், கையாலேயே குழந்தைக்கு ஒரு ஃப்ராக் தைக்க முடியுமா? இதுவரை தைத்ததே இல்லை. சீக்கிரம் பிரிந்துவிடாதா?

தாராளமாக முடியும், பிரியவும் பிரியாது. தையல் மெஷின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 1850-களுக்குப் பிறகுதான், அதற்கு முன்னால் அநேகமாக எல்லா உடுப்பும் கையால் தைத்ததுதானே. என் வீட்டில் மெஷின் இருக்கிறது, இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு நான் கையால்தான் தைக்கிறேன்; தையல் மிருதுவாக, உடம்பில் உறுத்தாமல் இருக்கும்.

முதல் உடுப்புக்குக் கழுத்து வெட்டும் வேலையே இல்லாத, தோளில் நாடா முடிகிற ஃப்ராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துணி கேம்ப்ரிக் காட்டனாக, அதாவது நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். சாட்டின், ஜார்ஜெட் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், வழுக்கி உயிரை எடுக்கும். புதுத் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரி வைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். பலமுறை துவைத்த பழைய காட்டன் புடவை என்றால் அந்தக் கவலையும் இல்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நைந்த இடத்தை மட்டும் ஒதுக்குங்கள்.

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு 18 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு போதும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீளவாக்கில் நடுவில் மடித்து, மடிப்பு இல்லாத பக்கத்து மேல் மூலையில் 2 அங்குலம் உள்ளே, 5 அங்குலம் கீழே வளைவாக வெட்டினால் கைக்குழி வளைவு நான்கும் ஒரே அளவாக வந்துவிடும்.

இப்போது நீங்கள் பயப்படுகிற விஷயம். சட்டை பிரிகிறது என்றால் வெறும் ஓட்டுத் தையலை (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி நேராகப் போகும் தையல்) இடைவெளி விட்டு இழுத்திருப்பார்கள். பக்கவாட்டில் போட வேண்டியது பின்தையல்: ஊசியை ஒரு தையல் தூரம் முன்னால் மேலே எடுத்து, பின்னால் திரும்பி முந்தைய தையல் முடிந்த அதே துளையில் இறக்கி, மறுபடி ஒரு தையல் முன்னால் எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு எட்டு வந்தால் நல்ல கெட்டி. நூலை ஒற்றையாகவே கோர்த்துக்கொள்ளுங்கள், முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் சிக்கும். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இதே பக்கவாட்டுத் தையலில் பிசிறு வெளியே தெரியாமல் இருக்க ஒரு வழி உண்டு, ஓரம் பிசிறாமல் மெஷினில் அடிக்கும் ஓவர்லாக்கே தேவைப்படாது. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஓட்டுத் தையல் போட்டு, விளிம்பைக் கொஞ்சம் நறுக்கி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, மறுபடி கால் அங்குலத்தில் பின்தையல் போடுங்கள். பிசிறு முழுக்க உள்ளே அடைந்துவிடும். வேலை இரட்டிப்புதான், ஆனால் குழந்தைத் துணிக்கு இதை விடவே கூடாது என்பேன்.

அப்புறம் கைக்குழிக்குத் துணியின் குறுக்கே மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய பட்டி வைத்துத் தையுங்கள், நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாது. மேல் விளிம்பை ஒரு அங்குலம் மடித்துத் தைத்து, பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல ஊக்கில் மாட்டி முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று நாடா கோர்த்துவிடுங்கள். நாடாவின் நடுவில் நாலு தையல் போட்டு நிறுத்திவிடுங்கள், உருவி வராது. முடிச்சு தோளில்தான், நுனி குட்டையாக இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி நீளமாக எதுவும் தொங்கக் கூடாது, இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

கடைசியாக அடி மடிப்பு. ஊசியில் மேல் துணியின் ஓரிரு இழையை மட்டும் எடுத்து ஹெம்மிங் செய்தால் வெளியே தையல் தெரியாது. முழுசாக 2 அங்குலம் உள்ளே விட்டு மடியுங்கள், பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.