கங்கையில் ராஃப்டிங்: திருகோணமலையிலிருந்து கேட்டவர்களுக்குப் பதில்

வட இந்தியாவில், இமயமலைப் பக்கம் தேவப்பிரயாகையிலிருந்து ரிஷிகேஷ் வரை, இரவில் வழியில் தங்கித் தங்கி ரப்பர் படகில் இறங்கிவரும் பயணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரோடு பதில் தருகிறேன்.

உப்புவெளி: அண்ணா, நான் சின்ன வயதிலிருந்தே கடலில் நீந்துகிறவன். படகு கவிழ்ந்தால் நீந்திக் கரையேறலாம்தானே?

தம்பி, அந்தத் தைரியத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். கடலில் அலை வந்து உங்களைக் கடந்து போய்விடும். ஆற்றில் பாறையால் எழும் அலை அதே இடத்தில் நிற்கும், தண்ணீர்தான் உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். விழுந்தால் மல்லாந்து படுத்து, ஓட்டம் போகிற பக்கம் காலை நீட்டுங்கள். கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். அப்போதுதான் எதிர்ப்படும் பாறையைப் பாதத்தால் உதைத்துத் தள்ள முடியும். இடுப்பளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கவே கூடாது. கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளைக் குப்புறச் சாய்த்து அமுக்கிவிடும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தலையை நிமிர்த்த முடியாது. கயிறு எறிந்தால் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஓட்டம் தணிந்த பிறகு உங்கள் நீச்சல் உதவும்.

சாம்பல்தீவு: எந்த மாதம் நல்லது?

ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளத்தால் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். ஒக்டோபர், நவம்பரில் தண்ணீர் தெளிந்துவிடும். என் தெரிவு அதுதான்.

மூதூர்: நீச்சல் தெரியாது. வரலாமா?

சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரையான 16 கிலோமீற்றர் உங்களுக்குப் போதும். அதற்கு மேலே கௌடியாலா, பியாசி பக்கம் 'தி வால்' போன்ற கடுமையான பாய்ச்சல்கள் இருக்கின்றன. அங்கே வேண்டாம்.

வரோதயநகர்: தம்பி, பிள்ளைகள் படகில் வரட்டும். எனக்குச் சங்கமத்தில் முழுகினால் போதும். முடியுமா?

தாராளமாக, அம்மா. அலக்நந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கூடிய பிறகுதான் கங்கை என்ற பெயரே வருகிறது. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அந்த ஊர்தான், ஆழ்வார்கள் பாடிய 108 வைணவத் திவ்விய தேசங்களில் ஒன்று. படித்துறையில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கும். அதைப் பிடித்தபடியே முழுகுங்கள், இழுப்பு அவ்வளவு. நம்மூர்க் கன்னியா வெந்நீரூற்றுக்குப் பழகிய உடம்பு, பனிமலைத் தண்ணீரில் ஒரு கணம் மூச்சடைத்துப் போகும். முதலில் கால், அப்புறம் தோள், பிறகு தலை. இதய நோய் இருந்தால் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும்.

நிலாவெளி: இரவில் தங்குவது எப்படி?

மேலே பாகீரதியில் தெஹ்ரி அணை இருக்கிறது. தண்ணீர் திறந்தால் மழையே இல்லாமல் மட்டம் ஏறும். கூடாரத்தையும் படகையும் ஆற்றிலிருந்து தள்ளி உயரத்தில் வையுங்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்களும் ரிஷிகேஷில் சைவத்துக்குத் தயாராக வாருங்கள், மதுவும் கிடையாது. சவர்க்காரம் போட்டு ஆற்றில் குளிக்காதீர்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கும்பிடுகிற தண்ணீருக்கு இதையாவது செய்ய வேண்டும்.

ஆலஸ்தோட்டம்: நல்ல படகுக்காரரை எப்படி அறிவது?

புறப்படுமுன் அவர் உங்கள் ஜாக்கெட்டைத் தோள்பட்டியில் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் வார் தளர்வு. துணைக்கு ஒரு மீட்புக் கயாக் (ஒருவர் துடுப்பு வலிக்கும் சிறு படகு) வருகிறதா என்றும் கேளுங்கள். வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.