வினாகிரி வேண்டாம், சோடா வாங்குங்கள்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகள் உயர்தரம் படிக்கிறாள். கடல்நீர் மாறும்போது நுண்ணுயிர்களின் ஓடுகளுக்கு என்ன ஆகிறது என்று செயற்றிட்டம் செய்ய வேண்டுமாம். டவுனில் ஒருவர் 'ஃபொராமினிஃபெரா மணல்' போத்தலும் அச்சடித்த அறிக்கையும் ஏழாயிரத்துக்குத் தருகிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அப்படியொரு போத்தலை என்னிடமும் கொண்டுவந்தார்கள். கொட்டிப் பார்த்தால் காக்காப்பொன் மினுங்குகிறது. தேசிக்காய்ப் புளி விட்டேன், ஒரு குமிழிகூட வரவில்லை. நம்ம ஆற்று மணல்தான்! ஃபொராமினிஃபெரா என்பது கடலில் வாழும் ஒற்றைக்கல உயிர். அதன் ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. புளி பட்டால் நுரைத்தே தீரும். அறிக்கையும் இதே லட்சணம்தான். ஒரே எழுத்துப்பிழையோடு மூன்று பிள்ளைகளின் அறிக்கை ஒரே நாளில் என் மேசைக்கு வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கடலில் கரைந்து காபோனிக் அமிலமாகிறது. அதிலிருந்து வரும் ஐதரசன், கடல்நீரிலுள்ள காபனேற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஓடு கட்டுவதற்கு அந்த உயிருக்கு வேண்டியதும் அதே காபனேற்றுதான். உங்கள் சீமெந்து மூட்டையை வழியிலேயே வேறொருவர் இறக்கிக்கொண்டால் சுவர் மெலியத்தானே செய்யும்? தென்பெருங்கடலில் குளோபிஜெரினா புல்லோயிடஸ் என்ற ஃபொராமினிஃபெரா இனத்தின் இன்றைய ஓடுகள், அடியில் படிந்த பழைய ஓடுகளைவிட 30–35 சதவீதம் எடை குறைந்திருப்பதாக 2009இல் வந்த ஆய்வொன்று காட்டியது.

"கடல் அமிலமாகிவிட்டது" என்று மட்டும் மகள் எழுதிவிடக் கூடாது. தொழிற்புரட்சிக்கு முன் கடலின் பீ.எச். (அமில-கார அளவு, 7க்கு மேல் காரம்) 8.2 அளவில் இருந்தது, இப்போது 8.1 அளவில் இருக்கிறது. இன்னமும் காரம்தான். ஆகவே ஓடுகளை ஊறப்போட வினாகிரி வேண்டாம், குடிக்கிற சோடாத் தண்ணீர் வாங்குங்கள். அதுவும் கடலைவிட எவ்வளவோ புளிப்புத்தான், ஆனால் கடலில் கரைகிற அதே வாயு.

மலையில் இருக்கும் பிள்ளைக்குக் கடலைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டு ஆய்வுகூடத்தைப் பூட்டி வைக்கிறார்கள். போகட்டும், முட்டை ஓடும் தோட்டத்து நத்தை ஓடும் போதும். முட்டை ஓடு கல்சைற்று, நத்தை ஓடு பெரும்பாலும் அரகனைற்று. இரண்டுமே கல்சியம் காபனேற்றுத்தான், உள்ளே அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. அரகனைற்றுத்தான் சுலபமாகக் கரையும். கடலிலும் அரகனைற்று ஓடுள்ள டெரொபோட் என்ற குட்டி நத்தைகளுக்கே முதல் அடி.

ஒரு பொறி இருக்கிறது. நத்தை ஓட்டின் பழுப்புத் தோல் புளிப்பை எளிதில் உள்ளே விடாது. அதை அப்படியே போட்டால் நத்தை ஓடு கரையாமல் ஜெயித்துவிடலாம், மகள் புத்தகம் பிழையென்று நினைப்பாள். பழுப்பு போகும்வரை சாண்ட் பேப்பரால் தேயுங்கள். முட்டை ஓட்டின் உட்சவ்வையும் உரியுங்கள். அப்புறம் தேய்த்த துண்டொன்றையும் தேய்க்காத துண்டொன்றையும் தனித்தனிப் போத்தலில் போட்டால், தோல் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதும் தெரியும். கடலிலும் சில உயிர்கள் இப்படி மேல்தோலின் தயவில் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கின்றன.

துண்டுகள் ஒரே பருமனில் இருக்கட்டும். நகைக்கடைத் தராசில் நிறுத்துச் சோடாவில் போடுங்கள். மூடியை இறுக்கி மூன்று நாள் வைத்து, நன்றாக உலர்த்தி மறுபடி நிறுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் எல்லாம் வீண். உயிருள்ள நத்தையை வெறுங்கையால் தொட விடாதீர்கள், அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். வெற்று ஓட்டையும் நன்றாகக் கொதிக்கவைத்தே எடுங்கள்.