சுவருக்குப் பின்னால் ஒன்பது

அன்புள்ள ஐயா,

நான் தரவு அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செயற்கைக்கோள் படங்களை வைத்து, ஒரு பெருநகரத்தின் முறைசாராக் குடியிருப்புகளை மெஷின் லேர்னிங் மூலம் வரைபடமாக்குவதுதான் என் ஆய்வேடு. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள், படத்தில் எந்தப் பிக்சல் எதைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லும் யூ-நெட் மாடல். துல்லியம் 96 சதவீதம் வந்திருக்கிறது. வரைபடத்தைப் பொதுவில் வெளியிடலாம் என்கிறார் என் வழிகாட்டி. எனக்குத்தான் தயக்கம். ஆக்கிரமிப்புகளை அகற்ற வருகிறவர்களுக்கு நானே வழி காட்டியதாக ஆகிவிடாதா? வெளியிடலாமா, கூடாதா? இந்த இடங்களைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது? யூ-நெட்டைவிட நல்ல மாடல் ஏதாவது சொல்ல முடியுமா? நீங்கள் இளமையில் இப்படிப்பட்ட இடங்களில் கணக்கெடுக்கப் போனதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பட்டம் வாங்கித் தரப்போகிற வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, இதனால் யாருடைய வீடாவது போய்விடுமோ என்று கவலைப்படுகிறீர்கள். இந்த ஒரு கவலைக்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. அந்த உரிமையில் கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

எந்த மாடல் என்ற கேள்வியை விட்டுவிடுவோம். யூ-நெட் 2015இல் நுண்ணோக்கிப் படங்களில் செல்களின் எல்லையைப் பிரித்தெடுக்க உருவாக்கப்பட்டது. கூரைகளின் எல்லையையும் பிரிக்கும். போதும்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். குடிசைப் பகுதி என்று எழுதுங்கள், முறைசாராக் குடியிருப்பு என்று எழுதுங்கள். அங்கே இருப்பவர்கள் தங்கள் இடத்துக்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. "ஆக்கிரமிப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். அது வழக்கில் ஒரு தரப்பு சொல்லும் சொல். நீங்கள் யோசிக்காமலே அதைக் கடிதத்தில் போட்டுவிட்டீர்கள். செயற்கைக்கோளுக்குப் பட்டா தெரியாது. கூரை தெரியும், நிழல் தெரியும், வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று ஓரளவு தெரியும். நல்ல தண்ணீர், கழிப்பறை, போதுமான இடம், உறுதியான வீடு, வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயமில்லாத இருப்பு ஆகிய ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் குடும்பத்தைக் குடிசைவாழ் குடும்பமாகக் கணக்கில் கொள்கிறது ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு. இந்த ஐந்தில் மேலிருந்து பார்த்தால் தெரிவது எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, அந்த 96க்கு வருவோம். நகரத்தின் மொத்தப் பரப்பில் குடிசைப் பகுதி நூற்றுக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். "எங்குமே குடிசை இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கு 97 கிடைக்கும். உங்களுடையதைவிட ஒன்று அதிகம். இது உங்கள் பாடத்திலேயே இருக்கும். தெரியாது என்று சொல்லாதீர்கள். மாடலைச் சோதித்துப் பார்க்க எடுத்த படத்துண்டுகள், அதற்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய பயிற்சித் துண்டுகளுக்கு அடுத்தடுத்து இருப்பவையா? ஒரே குடியிருப்பின் பாதியைப் பயிற்சிக்கும் மீதிப் பாதியைச் சோதனைக்கும் கொடுத்தால் மாடல் அங்கே எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கனவே பார்த்ததைத்தான் திரும்பச் சொல்கிறது. சென்டினல்-2இன் மிகக் கூர்மையான பிக்சலே பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். மூன்றுக்கு நான்கு மீட்டரில் ஒரு குடிசை என்றால், நெருக்கமான இடத்தில் ஒரே பிக்சலுக்குள் எட்டுக் குடும்பம் குடித்தனம் நடத்துகிறது. அந்த ஒரு பிக்சல் தவறினால் உங்கள் சதவீதத்தில் தசமப் புள்ளிக்குப் பிறகு எங்கோ ஓர் இலக்கம் மாறும், அவ்வளவுதான்.

நான் கேட்பது வேறு. உண்மையில் அங்கே இருந்தும் உங்கள் மாடல் விட்டுவிட்ட இடங்கள் எத்தனை? எவை? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு அப்போது 23 வயது. ஒரு கால்வாய்க் கரைக் குடியிருப்பில் வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலை. இரண்டிரண்டு பேராகப் போவோம். ஒருவர் நோட்டில் எழுத வேண்டும், இன்னொருவர் கதவில் எண் போட வேண்டும். நான் எண் போடுகிறவன். சிவப்புப் பெயின்ட் டப்பா, ஒரு சின்ன பிரஷ். பாதி வீடுகளில் கதவு என்பது பெட்டிப் பலகை, சிலவற்றில் தகரம், சிலவற்றில் வெறும் சாக்கு. சாக்கில் பெயின்ட் நிற்காது, ஊறிப் பரவிவிடும். அதனால் பக்கத்துத் தகரத்தில் போடுவேன். 214ஆம் எண் வீட்டில் ஓர் அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு கீழ போட்டா மழைத்தண்ணி தெறிச்சு அழிஞ்சிரும். மேல போடுங்க" என்றார். மேலே இன்னொரு தடவை போட்டேன். பெயின்ட் காயும்வரை பிள்ளைகள் யாரும் தொட்டுவிடக் கூடாது என்று கதவுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அந்த எண் எதற்கு என்று எனக்கு அன்று சரியாகத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மதில் சுவர் குறுக்கே வந்தது. அதில் இடுப்புயரத்துக்கு ஓர் உடைப்பு. குனிந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சந்து, ஒன்பது கூரை. இருட்டிக்கொண்டு வந்தது, பெயின்டும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நாளைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் எங்களை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கரையைக் காலி செய்தார்கள். எண் இருந்தவர்களுக்கு மாற்று இடம் கிடைத்தது. அந்த ஒன்பது வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருவர் எப்படியோ என் விலாசத்தைக் கண்டுபிடித்து வந்தார். "அன்னிக்கு எட்டிப் பாத்தீங்களே சார், நான் உள்ளதான் இருந்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை மாற்று இடம் ஒதுக்கும் அலுவலகத்தில் கையில்கூட வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கணக்கெடுப்பு நோட்டுதான் என்னிடம் இருக்கிறது. அவர் வந்து போன இரவில் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "சுவருக்குப் பின்னால் 9" என்று எழுதினேன். உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணப்பட்டவர், எண்ணப்படாதவர் என்ற வித்தியாசம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒல்கா டெல்லிஸ் வழக்கை எடுத்துப் படியுங்கள். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு, 1985 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்ற வரிக்காகவே எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். தீர்ப்பின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்று, வீட்டுக்கு எண்ணும் போடப்பட்ட குடிசைவாசிகளுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்று அங்கே இருக்கிறது. 1976இல் யாரோ ஒருவர் ஒரு வாசலில் நின்று எண் போட்டிருக்கிறார். ஒன்பது ஆண்டு கழித்து நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கிறது. பக்கத்து வாசலுக்கு அவர் போகாமல் விட்டிருந்தால்?

அதே 1985இல் ஸ்பார்க் என்ற அமைப்பு பம்பாயில் நடைபாதைகளில் வாழ்ந்த சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அரசின் பட்டியல்களில் இல்லாதவர்களை அவர்களிடமே போய்க் கேட்டு எழுதினார்கள். அந்த நடைபாதைக் குடிசையை உங்கள் படத்தில் தேடுங்கள். ஒரு சுவரை ஒட்டி, ஆள் நீட்டிப் படுக்கிற அகலத்தில், வரிசையாக. பத்து மீட்டர் பிக்சலில் அது தார்ச் சாலையோடு கலந்துவிடும். முப்பது சென்டிமீட்டர் பிக்சல் படம் காசு கொடுத்து வாங்கினாலும் மரம் இருந்தால் மறைத்துவிடும். பழைய கட்டடத்துக்குள் ஓர் அறையில் பத்துப் பேர் இருந்தால் எந்தப் படத்திலும் வரமாட்டார்கள். பிரேசிலின் ரியோ நகரத்தில் ஃபவேலா என்று சொல்லும் மலைச்சரிவுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் செங்கல்லும் கான்கிரீட்டும்தான். தகரக் கூரையைப் பார்த்துப் பழகிய மாடலை அங்கே கொண்டுபோனால் திணறும். எதிர்த் திசையிலும் தவறு வரும்: நெருக்கமான பழைய நகரத் தெருக்களைக் குடிசைப் பகுதி என்று சொல்லிவிடும். அந்தத் தவறு எனக்குப் பெரிதாகப் படவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் இல்லை என்று தெரிந்துவிடும். விடுபட்ட இடத்துக்கு யாரும் போகவே மாட்டார்கள். அதனால் அது விடுபட்டதே தெரியாது.

அப்புறம், கூரையை எண்ணி ஆட்களைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் ஆய்வேட்டில் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் பத்து லட்சம் பேர் என்று பல ஆண்டுகள் உலகமெங்கும் எழுதினார்கள். 2009இல் கென்ய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,70,070 என்றது. அதே 2009இல் அங்கத்திய இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் குறித்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். அதற்கு முன் பொது வரைபடங்களில் அந்த இடம் ஏறக்குறைய வெற்றிடம். தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பது அந்தச் சந்தில் குடத்தோடு நடக்கிறவருக்குத்தான் தெரியும்.

வெளியிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இடிக்க வருகிறவர்கள் வரைபடம் இல்லாமல் வழி தெரியாமல் நின்றதாக நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஜிம்பாப்வேயில் 2005இல் நடந்த இடிப்பில் சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. சொன்னது. ஹராரே அருகே போர்ட்டா ஃபார்ம் என்ற குடியிருப்பு அப்போது தரைமட்டமானது. 2002இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அங்கே வீடுகள் வரிசையாகத் தெரிகின்றன. 2006 படத்தில் வெறும் நிலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மனித உரிமை அமைப்புகள் உலகத்துக்குக் காட்டின. முந்தைய படம் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அதனால் பயந்து பூட்டி வைக்காதீர்கள்.

ஆனால் இப்போது இருக்கிறபடி வெளியிட வேண்டாம். கூர்மையான எல்லைக்கோட்டை எடுத்துவிட்டுப் பெரிய கட்டங்களாகக் காட்டுங்கள். மாடல் எங்கே தடுமாறுகிறதோ அந்தக் கட்டத்துக்கு வேறு நிறம் கொடுங்கள், வெள்ளையாக விடாதீர்கள். வெள்ளையாக இருந்தால் அங்கே யாரும் இல்லை என்றுதான் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். அந்த 96ஐ முதல் பக்கத்திலிருந்து அடித்துவிட்டு, உண்மையில் இருக்கும் இடங்களில் எத்தனையைப் பிடித்தது, எத்தனையை விட்டது என்று எழுதுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விடுபட்ட இடங்களைப் பட்டியல் எடுங்கள். அதில் ஐந்தையாவது அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள். படத்தை அங்கே இருப்பவர்கள் கையில் கொடுத்து, உங்கள் வீடு இதில் எங்கே என்று கேளுங்கள். பெரியவர்கள் தயங்குவார்கள், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான், மறைக்காமல் சொல்லுங்கள். சுவர் ஏதாவது குறுக்கே இருந்தால் உடைப்பு எந்தப் பக்கம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், கூட்டிக்கொண்டு போவார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.